மகளை நேர்ந்துவிட்டேன், இப்போது வேதத்தைத் திறக்கவே பயமாக இருக்கிறது

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு 43 வயது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர், நாலு தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். பள்ளியில் கணக்கு வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை சண்டே ஸ்கூல் வாத்தியார். மனைவியும் ஆசிரியைதான். ஒரே மகள், ஆறாம் வகுப்பு.

இந்த வருடம் ஜனவரி ஒன்றாம் தேதி, வேதத்தை ஆதியாகமத்திலிருந்து வரிசையாக ஒரே வருடத்தில் வாசித்து முடிப்பது என்று வீட்டில் தீர்மானம் எடுத்தோம். இரவு குடும்ப ஜெபத்தில் ஆளுக்கு ஒரு அதிகாரம். மார்ச் இரண்டாம் வாரம் நியாயாதிபதிகள் 11 மகளுடைய பங்காக வந்தது. உங்களுக்குத் தெரியாவிட்டால் சுருக்கமாகச் சொல்கிறேன். யெப்தா என்ற தலைவன் அம்மோனியரோடு யுத்தத்துக்குப் போகுமுன், ஜெயித்துத் திரும்பும்போது என் வீட்டு வாசலிலிருந்து எனக்கு எதிர்கொண்டு வருவது எதுவோ அதைத் தகனபலியாகச் செலுத்துவேன் என்று கர்த்தருக்குப் பொருத்தனை பண்ணுகிறான். ஜெயித்துத் திரும்புகிறான். தம்புரு வாசித்து ஆடிக்கொண்டு வெளியே வருவது அவனுடைய ஒரே மகள். இரண்டு மாதம் தவணை கேட்டு, மலைகளில் தோழிகளோடு அழுதுவிட்டுத் திரும்பி வருகிறாள், அவன் பொருத்தனையின்படி செய்கிறான்.

என் மகள் ராகம்போட்டு வாசித்துக்கொண்டே வந்தவள் அங்கே நிறுத்திவிட்டாள். "அப்பா, நிஜமாவே எரிச்சிட்டாரா?" என்று கேட்டாள். நான் அது பழைய காலம்மா என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த அக்காவோட அம்மா ஒண்ணும் சொல்லலையா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. மனைவி பால் பொங்குகிறது என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் 1 சாமுவேல் 15. அமலேக்கியர் என்ற எதிரி ஜனத்தில் "புருஷரையும், ஸ்திரீகளையும், பிள்ளைகளையும், குழந்தைகளையும்" கொன்றுபோடச் சொல்லி சவுல் ராஜாவுக்குக் கர்த்தருடைய கட்டளை. இதை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன், சவுலின் கீழ்ப்படியாமை என்று தலைப்பு போட்டுப் பாடமே எடுத்திருக்கிறேன். இந்தத் தடவை 'குழந்தைகளையும்' என்ற சொல்லைத் தாண்ட முடியவில்லை. எலிசா தீர்க்கதரிசியை மொட்டைத்தலையா என்று கேலி செய்த 42 பிள்ளைகளைக் கரடி பீறினது, பாபிலோன் குழந்தைகளைக் கல்லின்மேல் மோதியடிக்கிறவன் பாக்கியவான் என்கிற 137-ஆம் சங்கீதம், எல்லாம் வரிசைகட்டி வந்து நிற்கிறது. வேத பாடக் கூட்டத்தில் கேட்டேன். ஒரு பெரியவர், தேவனுடைய வழிகளை நாம் ஆராயக்கூடாது, இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் விசுவாசத்தை விட்டுப் போனார்கள் என்றார். அன்றிலிருந்து வாசிப்பு அட்டவணை நின்றுவிட்டது. மகளிடம் பரீட்சை முடியட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன், பரீட்சை முடிந்து எவ்வளவோ நாளாகிறது.

இன்னொன்றும் உண்டு, இதோடு சம்பந்தம் இருக்கிறதா தெரியவில்லை. மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்தவள். ஒரு கிலோ நூறு கிராம். திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் 41 நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். ஒன்பதாம் நாள் ராத்திரி டாக்டர் கையை விரித்த மாதிரி பேசினபோது, மாடிப்படியில் உட்கார்ந்து, பிழைக்க வைத்தால் இவளை முழுநேர ஊழியத்துக்கே கொடுத்துவிடுகிறேன், கல்யாணம்கூட வேண்டாம், உமக்கே என்று சொன்னேன். யாருக்கும் தெரியாது, மனைவிக்கும் தெரியாது. இப்போது அவள் ஆட்டுக்கு மாட்டுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டராகப் போகிறேன் என்கிறாள். அவளுக்குக் காய்ச்சல் வந்தாலே எனக்கு அந்த மாடிப்படி ஞாபகம் வந்துவிடுகிறது. ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன், தேவனைப் பற்றித் தப்பாக நினைத்ததற்கு மன்னிப்புக் கேட்டு ஜெபிக்கிறேன், சரியாக ஜெபிக்கவில்லையோ என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். பொருத்தனை பண்ணினால் செலுத்தத் தாமதியாதே என்று பிரசங்கி 5-இல் இருக்கிறதே. பிள்ளை கேட்டுப் பொருத்தனை பண்ணின அன்னாள், பெற்ற சாமுவேலை ஆலயத்துக்கே கொடுக்கவில்லையா?

என் விசுவாசம் போய்விட்டதா, அல்லது மூளைதான் குழம்பிவிட்டதா?

பெயர் வேண்டாம்.

* * *

வணக்கம் சார்.

இரண்டுமே இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு கணக்கு வாத்தியார் செய்யக்கூடாத ஒன்றைச் செய்திருக்கிறீர்கள், முக்கியமான எண்ணைக் கடைசி வரியில் ஒளித்துவைத்துவிட்டீர்கள். பக்கம் பக்கமாக அமலேக்கு, எலிசா, சங்கீதம். கடைசியில் "சம்பந்தம் இருக்கிறதா தெரியவில்லை" என்று அந்த மாடிப்படி. சம்பந்தம் அதில்தான் இருக்கிறது.

முதலில் அமலேக்கை முடித்துவிடுவோம், அதற்கு நான் நியாயம் கற்பிக்கப் போவதில்லை. மோவாபின் ராஜா மேசா கி.மு. 9-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த கல்வெட்டு ஒன்று 1868-இல் யோர்தான் நாட்டில் கிடைத்தது, இப்போது பாரீஸில் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் அவன், நேபோ என்ற இஸ்ரவேல் ஊரைப் பிடித்து ஏழாயிரம் பேரை, ஆண் பெண் எல்லாரையும், தன் தெய்வத்துக்கென்று சங்கரித்ததாகப் பெருமையடிக்கிறான். வேதத்தில் இந்த இடங்களில் வருகிற அதே சொல்தான். அந்தக் காலத்து ராஜாக்கள் யுத்தத்தைப் பற்றி இப்படித்தான் பேசினார்கள். கொஞ்சம் மிகைப்படுத்தியும் பேசினார்கள். சவுல் அமலேக்கியரை முற்றிலும் அழித்ததாகச் சொல்லும் அதே புத்தகத்தின் 30-ஆம் அதிகாரத்தில் அமலேக்கியர் ஒரு படையாக வந்து சிக்லாக் என்ற ஊரைச் சுட்டெரிக்கிறார்கள், அவர்களில் நானூறு பேர் ஒட்டகத்தில் ஏறித் தப்பியும் போகிறார்கள். சரி, இதெல்லாம் தெரிந்தால் 'குழந்தைகளையும்' என்ற சொல் காணாமல் போய்விடுமா? போகாது. சபையின் ஆரம்ப காலத்திலேயே மார்சியன் என்பவர் பழைய ஏற்பாடே வேண்டாம், அந்தக் கடவுள் வேறு என்று சொல்லி, கி.பி. 144-இல் ரோம் சபையை விட்டு விலக்கப்பட்டார். அடுத்த நூற்றாண்டில் ஓரிகன் என்ற வேத அறிஞர், அந்த 137-ஆம் சங்கீதத்தில் பாபிலோன் குழந்தைகள் என்றால் மனதில் முளைவிடும் கெட்ட எண்ணங்கள், அவற்றை வளருமுன் கிறிஸ்து என்னும் கல்லில் மோதிவிடு என்று விளக்கம் சொன்னார். கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு திருத்தின அன்றாட ஜெபப் புத்தகத்தில் அந்தச் சங்கீதத்தின் கடைசி வசனங்களை விட்டேவிட்டது. தாண்ட முடியாமல் நின்றவர்கள் வரிசை நீளமானது சார், உங்கள் வேத பாடக் கூட்டத்துப் பெரியவருக்கு அது தெரியாது, அவ்வளவுதான். ஆராயக்கூடாது என்று அவர் சொன்னாரே, சோதோம் ஊரை அழிக்காதிருக்க ஆபிரகாம் கடவுளிடம் ஐம்பது நீதிமான்களிலிருந்து பத்து பேர் வரைக்கும் பேரம் பேசினதை அவர் எப்படி வாசிக்கிறாரோ தெரியவில்லை. "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று முகத்துக்கு நேரே கேட்டவனைத்தான் விசுவாசிகளின் தகப்பன் என்கிறோம்.

ஆனால் உங்களை ராத்திரி எழுப்புவது அமலேக்கு இல்லை. பதினோரு வருடமாக உங்களுக்குள் ஒரு வாக்கியம் ஓடிக்கொண்டிருக்கிறது: நான் வாக்குத் தவறினால் அவர் பிள்ளையைத் திருப்பி எடுத்துக்கொள்வார். இதற்கு முன் வாசித்தபோது அமலேக்கியக் குழந்தைகள் வேறு யாரோ. இந்தத் தடவை உங்கள் மகள் தன் குரலில் யெப்தாவை வாசித்துவிட்டு அடுத்த வாரமே அந்த அதிகாரமும் வந்ததால், பிள்ளையை எடுத்துக்கொள்கிற ஒரு கடவுள் உங்கள் வீட்டு வரவேற்பறைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். நீங்கள் பயப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

உங்கள் பக்கத்துக் கிராமங்களில் கோயில் கொடைக்கு நேர்ந்துவிட்ட கிடாயைப் பார்த்திருப்பீர்கள். கழுத்தில் கயிறு இருக்காது, ஊரெல்லாம் மேயும், யாரும் விரட்டமாட்டார்கள். அதற்கு ஒன்றும் தெரியாது. நேர்ந்துவிட்டவன்தான் ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்து நாள் எண்ணிக்கொண்டிருப்பான். உங்கள் மகள் ஆட்டு டாக்டராகப் போகிறேன் என்று சொல்லும்போது நீங்கள் அவளை அந்தக் கண்ணால்தான் பார்க்கிறீர்கள்.

பயத்தின் உச்சத்தில் மனித மனம் பேரம் பேசும். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் எத்தனையோ அப்பாக்கள், எந்த மதமானாலும், எதையாவது யாருக்காவது கொடுப்பதாகச் சொல்லியிருப்பார்கள். புராட்டஸ்டண்ட் சபைகளுக்கு வழிதிறந்த மார்ட்டின் லூத்தரை உங்களுக்குத் தெரியும். 1505 ஜூலை 2, ஸ்டாட்டர்ன்ஹைம் என்ற ஊர்ப் பக்கம் இடி மின்னலில் மாட்டிக்கொண்ட 21 வயதுப் பையன், மரியாளின் தாயான பரிசுத்த அன்னம்மாளே காப்பாற்று, நான் துறவியாகிறேன் என்று அலறினார். இரண்டே வாரத்தில் மடத்தில் சேர்ந்தார், அப்பாவுக்குக் கடும் கோபம். அங்கே போயும் நிம்மதியில்லை; சரியாகப் பாவ அறிக்கை செய்தோமா என்று மணிக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தார், இப்போது நீங்கள் ஜெபத்தை முதலிலிருந்து ஆரம்பிக்கிறீர்களே, அதே மாதிரி. பதினாறு வருடம் கழித்து 1521-இல், அப்படிப்பட்ட பொருத்தனைகள் ஒருவனைக் கட்டாது என்று ஒரு முழு நூலே எழுதி அதை அந்த அப்பாவுக்கே சமர்ப்பித்தார். 1525-இல் கல்யாணமும் செய்துகொண்டார். அவராவது தன்னைத்தான் நேர்ந்துகொண்டார். நீங்கள் நேர்ந்தது இன்னொருவருடைய வாழ்க்கையை, அவருடைய கல்யாணம் உட்பட.

யெப்தாவின் கதைக்கு வருகிறேன். அதை மறுபடியும் வாசியுங்கள், தனியாக. அந்தப் பொருத்தனையை யாரும் அவனிடம் கேட்கவில்லை. கர்த்தருடைய ஆவி அவன்மேல் இறங்கினது அதற்கு முன்னாலேயே. அவன் வாயைத் திறந்த பிறகு, யுத்தத்தில் ஜெயம் கொடுத்ததைத் தவிர அந்த அதிகாரத்தில் கடவுளிடமிருந்து ஒரு வார்த்தைகூட இல்லை. மோரியா மலையில் மகனைப் பலியிடப்போன ஆபிரகாமின் கையைத் தடுத்ததுபோல இங்கே குரல் வரவில்லை, பலியை ஏற்றுக்கொண்டேன் என்றும் வரவில்லை. மகளைப் பார்த்ததும் அவன் என்ன சொல்கிறான் பாருங்கள், நீ என்னைக் கலங்கப்பண்ணுகிறாய் என்று பழியை அவள்மேலேயே போடுகிறான். எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் வரி அது. பலி என்றால் கன்னியாகவே வைத்திருந்தான் என்றுதான் அர்த்தம், கொல்லவில்லை என்று சில பிரசங்கிமார் சமாதானம் சொல்வார்கள், இடைக்கால யூத உரையாசிரியர்களிடமும் அந்தக் கருத்து உண்டு. உங்களுக்கு அது ஆறுதலாக இருக்காது என்று நினைக்கிறேன், ஏனென்றால் நீங்கள் நேர்ந்ததே அதைத்தான்.

லேவியராகமம் 27-ஐயும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களைப் பொருத்தனை பண்ணினால் மீட்டுக்கொள்ள விலை போட்டிருக்கிறது. ஐந்து வயதுக்கும் இருபது வயதுக்கும் இடைப்பட்ட பெண்பிள்ளைக்குப் பத்துச் சேக்கல் வெள்ளி. ஒரு சேக்கல் ஏறக்குறைய 11 கிராம். ஒரு ஜோடி கனமான கொலுசு அவ்வளவு எடை வரும். அதாவது, அவசரத்தில் வாய் விட்டவனுக்கு நியாயப்பிரமாணமே ஒரு பின்வாசல் வைத்திருந்தது. யெப்தா ஏன் அந்த வாசலைத் தட்டவில்லை என்று யூத ரபிகளும் கேட்டார்கள். அவர்கள் சொல்லும் கதையில், பினெகாஸ் என்ற ஆசாரியன் நினைத்திருந்தால் பொருத்தனையை அவிழ்த்துவிட்டிருக்கலாம். ஆனால் தேவை அவனுக்கு, நான் ஏன் போக வேண்டும் என்று ஆசாரியன் உட்கார்ந்திருந்தானாம். நான் ஜனத்தின் தலைவன், நான் ஏன் போக வேண்டும் என்று யெப்தா உட்கார்ந்திருந்தானாம். இரண்டு பேருக்கும் நடுவில் பெண் போய்விட்டாள்.

நீங்கள் தட்ட வேண்டிய வாசல்கள் சிலவற்றைச் சொல்கிறேன். பிரசங்கி வசனத்தால் மிரட்டாத ஒரு குருவானவர் உங்கள் பக்கம் இருப்பார், அவரிடம் போய் அந்த மாடிப்படியைச் சொல்லி, இதிலிருந்து என்னை விடுவியுங்கள் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். விடுதலை என்பது உங்களுக்கு ஒருவர் வாயால் கேட்க வேண்டிய விஷயம், நான் எழுதினால் போதாது. அப்புறம், இந்த நெற்றி தொடுவது, ஜெபத்தை மறுபடி ஆரம்பிப்பது எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மன்னிப்புக் கேட்டதும் பயம் கொஞ்சம் இறங்கும், அந்த இறக்கம்தான் அடுத்த ராத்திரியும் உங்களை எழுப்பிவிடுகிறது. இது பக்தி வேஷம் போட்டு வரும் பதற்ற நோயாக இருக்கலாம், சிகிச்சை இருக்கிறது, ஜெபத்தை விடச் சொல்லமாட்டார்கள். இன்று ராத்திரியே ஒன்று செய்து பார்க்கலாம்: ஜெபம் ஒரே ஒரு தடவை, அது சரியாக வராவிட்டாலும் ஆமென் சொல்லிவிட்டுப் படுங்கள். முதல் சில நாள் மோசமாகத்தான் இருக்கும்.

மகளிடம் பொருத்தனையைப் பற்றி இப்போது சொல்ல வேண்டாம், பதினோரு வயதுத் தோளில் வைக்கிற பாரம் இல்லை அது. அவள் கேட்ட முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஆமாம்மா, செய்துவிட்டார் என்றுதான் எழுதியிருக்கிறது, அவர் செய்தது தப்பு, யாராவது நிறுத்தியிருக்க வேண்டும் என்று. அந்த அதிகாரத்தின் கடைசி வசனத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள், வருடத்துக்கு நாலு நாள் ஊர்ப் பெண்பிள்ளைகள் எல்லாம் கூடிப்போய் அவளை நினைத்துப் புலம்பினார்களாம். அதைப் பற்றி அவளுக்கு உங்களைவிட நல்ல கேள்விகள் இருக்கும்.

இரண்டாவது கேள்வி, அந்த அக்காவோட அம்மா ஒண்ணும் சொல்லலையா என்பது. அதற்கு வேதத்தில் பதில் இல்லை, அந்த அதிகாரத்தில் அம்மாவே இல்லை. அன்னாளைக் கேட்டீர்களே, அவள் கதையில் அப்படி இல்லை. சாமுவேலைக் கொண்டுபோய் விடுவதைப் பற்றிப் புருஷன் எல்க்கானாவிடம் பேசுகிறாள், உன் இஷ்டப்படி செய் என்று அவன் சொல்கிறான். உங்கள் வீட்டில் பதினோரு வருடமாக அந்தப் பேச்சு நடக்கவில்லை. குருவானவர், மருத்துவர் எல்லாருக்கும் முன்னால் மனைவியிடம் சொல்லுங்கள். மகள் அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் பாலைப் பார்க்க எழுந்து போனார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 41 நாளும் அவரும் அதே ஆஸ்பத்திரியில்தான் இருந்திருப்பார், பால் பீய்ச்சிக் கிண்ணத்தில் கொடுத்துவிட்டுக் கண்ணாடிக்கு வெளியே நின்றிருப்பார். அவர் அங்கே நின்று என்ன நேர்ந்துகொண்டார் என்று நீங்கள் இதுவரைக்கும் கேட்டதில்லையே சார்.