கவுன்சிலிங் பண்றவர் குடுத்த சர்டிபிகேட் கோர்ட்ல நிக்குமா?

வியாசர்பாடிலேர்ந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க: தம்பி போன மாசம் பக்கத்து வீட்டுக்காரரை கத்தியால வெட்டிட்டான், புழல்ல ரிமாண்ட்ல இருக்கான், ரொம்ப வருஷமா காதுல குரல் கேக்குதுன்னு சொல்லிட்டிருந்தவன், ஏரியால கவுன்சிலிங் பண்றவர் ஒருத்தர் 'இவருக்கு மனநோய்'னு லெட்டர்பேட்ல எழுதி குடுத்திருக்கார், இது போதுமா, இல்ல யார்கிட்ட போகணும்?

போதாதும்மா. கவுன்சிலிங் டிப்ளமோவோ எம்.எஸ்சி சைக்காலஜியோ படிச்சவர் தம்பிகிட்ட நல்லா பேசியிருக்கலாம், ஆனா என்ன வியாதின்னு கூண்டுல நின்னு சொல்றதுக்கு அந்த படிப்பு தாங்காது. 2017 மனநலச் சட்டப்படி சைக்கியாட்ரிஸ்ட்னா எம்.பி.பி.எஸ்.க்கு மேல சைக்கியாட்ரில எம்.டி., டி.பி.எம். மாதிரி பட்டமோ டிப்ளமோவோ வாங்கியிருக்கணும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அங்கீகாரம் பெற்ற படிப்பு வேணும், பெரும்பாலும் ரெண்டு வருஷ எம்.ஃபில் முடிச்சவங்க, அவங்க டெஸ்ட் வெச்சு பாப்பாங்க, மாத்திரை எழுத மாட்டாங்க. சாட்சியச் சட்டத்துல (இப்போ பி.எஸ்.ஏ.ங்கிற புது சாட்சியச் சட்டம், பிரிவு 39) இன்ன டிகிரின்னு எழுதல, தனித்திறமை உள்ளவர்னுதான் இருக்கு, ஆனா குறுக்கு விசாரணைல மொத கேள்வியே 'என்ன படிச்சிருக்கீங்க'தான்.

அதுக்கு அடுத்த கேள்விலதான் நெறைய கேஸ் விழுது: 'இவரை மொதல்ல எப்ப பாத்தீங்க?' சம்பவத்துக்கு அப்புறம்னு சொன்னா பெரிய டாக்டரா இருந்தாலும் கஷ்டம். ஏன்னா கோர்ட் ரெண்டு விஷயத்தை தனித்தனியா பாக்குது. இப்போ அவனுக்கு வழக்கு புரியுதா, வக்கீல்கிட்ட பேச முடியுதா, இது ஒண்ணு (பி.என்.எஸ்.எஸ்.ங்கிற புது குற்ற நடைமுறைச் சட்டம், பிரிவு 367, 368). வெட்டின அந்த நேரத்துல என்ன செய்றோம்னோ அது தப்புன்னோ தெரியாத நிலைமைல இருந்தானா, இது இன்னொண்ணு (பி.என்.எஸ்.ங்கிற புது தண்டனைச் சட்டம், பிரிவு 22, பழைய ஐ.பி.சி. 84). வியாதி இருந்துச்சுன்னு மட்டும் காட்டினா ரெண்டாவதுக்கு பத்தாது, 2011ல சுரேந்திர மிஸ்ரா கேஸ்ல சுப்ரீம் கோர்ட் இதை தெளிவா சொல்லிடுச்சு. நிரூபிக்கிற பொறுப்பு நம்ம பக்கம்தான், ஆனா சந்தேகமே இல்லாம நிரூபிக்கணும்னு இல்ல, அப்படி இருந்திருக்க வாய்ப்பு அதிகம்னு காட்டினா போதும், அது 1964 தாஹ்யாபாய் தீர்ப்புலேர்ந்து வர்றது.

அதனால இப்போ காசு குடுத்து புது சர்டிபிகேட் வாங்க அலையாதீங்க, என்னைக் கேட்டா அது கேஸையே கெடுக்கும். வீட்ல பீரோவ தேடுங்க. தேதி சீல் போட்ட பழைய ஓ.பி. சீட்டு, 'குரல் கேக்குது, தூக்கமில்ல'ன்னு டாக்டர் கிறுக்கின ஒரு வரி, மெடிக்கல் ஷாப் பில், இதுக்கெல்லாம் உள்ள மதிப்பு வேற. சம்பவத்தன்னிக்கும் அதுக்கு முன்னாடியும் அவன் எப்படி இருந்தான்னு பாத்த அக்கம்பக்கத்துக்காரங்க சாட்சியும் முக்கியம்.

டாக்டரை நீங்க தேட வேண்டியதில்ல. இப்போ அவன் வழக்கை புரிஞ்சுக்கற நிலைமைல இல்லன்னா, கேஸ் இருக்குற கோர்ட்லயே வக்கீல் மனு போடட்டும், கோர்ட் அரசு டாக்டர்கிட்ட பரிசோதனைக்கு அனுப்பும். சென்னைல அது பெரும்பாலும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, 1794லேர்ந்து இருக்கு. வார்டுல வெச்சு பல நாள் கவனிச்சு எழுதற ரிப்போர்ட்டுக்கு அரை மணி நேரம் பாத்து எழுதினதை விட கனம் ஜாஸ்தி. அந்த டாக்டர் சொல்ற முடிவு சரியில்லன்னா மெடிக்கல் போர்டுக்கு அப்பீல் போகலாம், அதுல ஒரு அரசு ஆஸ்பத்திரி சைக்கியாட்ரி தலைவரும் மெடிக்கல் காலேஜ் சைக்கியாட்ரி ஆசிரியர் ஒருத்தரும் இருப்பாங்க.

ஒண்ணு மனசுல வெச்சுக்கோங்க, பி.என்.எஸ். 22வது பிரிவுல விடுதலை ஆனாலும் நேரா வீட்டுக்கு வந்துடுவான்னு இல்ல, வெட்டினது அவன்தான்னு கோர்ட் முடிவு பண்ணா ஆஸ்பத்திரி மாதிரி பாதுகாப்பான இடத்துல வெக்கச் சொல்லலாம், இல்ல ஜாமீன் உறுதி வாங்கிட்டு சொந்தக்காரங்ககிட்ட ஒப்படைக்கலாம். இதெல்லாம் அப்புறம். அவன் சாப்பிட்டுட்டிருந்த மாத்திரை பேரை எழுதி நாளைக்கே ஜெயில் டாக்டர்கிட்ட சேத்துடுங்க, மருந்து நின்னா நோய் முத்திரும்.