அறிவியல் ஆராய்ச்சியில் இருப்பவர் மத நம்பிக்கையோடும் இருப்பது முரண்பாடு இல்லையா?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், முரண்பாடுதான் என்று யாரோ உங்களிடம் ஏற்கெனவே அடித்துச் சொல்லிவிட்ட மாதிரி தெரிகிறது. லேபில் யாராவது சிரித்திருப்பார்கள். இல்லாவிட்டால் வீட்டில் யாராவது 'படித்துப் படித்து நம்பிக்கை போய்விட்டது' என்று சொல்லியிருப்பார்கள். எனக்கு இரண்டுமே நடந்தது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முரண்பாடு இல்லை என்பதுதான் என் பதில். ஆனால் அதை என் அப்பாவையும் என் கைடையும் (பிஎச்டி ஆராய்ச்சி வழிகாட்டி) பற்றிச் சொல்லாமல் என்னால் விளக்க முடியாது.

எனக்குப் பதினாறு வயதில் அம்மாவுக்குக் காசநோய் வந்தது. ஆறு மாத சிகிச்சை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அப்புறம் எண்ணிக்கை குறையும். இந்த நோயில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. இரண்டாவது மாதத்திலேயே இருமல் நின்றுவிடும், பசி எடுக்கும், உடம்பு தேறிவிடும். ஆனால் கிருமிகளில் ஒரு பகுதி மெதுவாகப் பெருகிக்கொண்டு உள்ளேயே இருக்கும். அந்த நேரத்தில் மாத்திரையை விட்டால் நோய் திரும்பி வரலாம், வரும்போது அதே மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் வரலாம்.

அப்பா தினமும் விடியற்காலையில் பிரார்த்தனை செய்பவர். அவர் போய்க்கொண்டிருந்த பிரார்த்தனைக் குழுவின் மூத்தவர் ஒருவர் வீட்டுக்கு வந்து அம்மாவைப் பார்த்தார். "கடவுள் குணமாக்கிவிட்டார். இனியும் மாத்திரை போட்டால் அது நம்பிக்கைக் குறைவு" என்றார். அப்பா அவரை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குச் சொன்னார்: "அவள் பிழைக்கணும்னுதான் நான் கேட்டேன். மாத்திரையை நிறுத்தணும்னு கேட்கலை."

அதற்குப் பிறகு அந்தக் குழுவுக்கு அவர் போகவில்லை. விடியற்காலைப் பிரார்த்தனையை மட்டும் விடவில்லை. அம்மா ஒவ்வொரு நாள் மாத்திரை விழுங்கியதும் அப்பா காலண்டரில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போடுவார். ஆறு மாதக் கோடுகளும் எங்களிடம் இன்னும் இருக்கின்றன. அம்மாவும் இருக்கிறார்.

இதைச் சொன்னதும் 'அப்படியானால் மருந்துதானே காப்பாற்றியது, பிரார்த்தனை எதற்கு' என்று கேட்பீர்கள். சரி, மருந்துதான் காப்பாற்றியது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்பாவுக்கும் இருந்ததில்லை. இருநூறு நாள் பயத்தில் தூங்காமல் கிடந்த ஒரு மனிதருக்கு விடிகாலையில் எழுந்து உட்கார ஒரு இடம் வேண்டியிருந்தது. அதை அவரிடமிருந்து பிடுங்க எனக்கு உரிமை இருப்பதாக நான் நினைக்கவில்லை.

அடுத்தது கைடு. தான் எதையும் ஆதாரமில்லாமல் நம்பாதவன் என்று வகுப்பில் முதல் நாளே சொல்பவர். லேபில் யார் கழுத்திலாவது கையிலாவது மத அடையாளம் எதையாவது பார்த்துவிட்டால் ஒரு கேலி நிச்சயம். நான் அவரிடம் கற்றுக்கொண்டது நிறைய, அதை மறைக்கவில்லை. ஒரு கரைசலை எப்படிப் பொறுமையாகக் குளிரவிட வேண்டும் என்பதை அவர் கை அசைவைப் பார்த்துத்தான் கற்றேன்.

என் வேலை டிஎஸ்சி கருவியில், அதாவது சூடேற்றும்போது ஒரு பொருள் எவ்வளவு வெப்பத்தை வாங்குகிறது என்று அளக்கும் கருவியில். ஐந்தாறு மில்லிகிராம் தூளைச் சின்ன அலுமினியக் கிண்ணத்தில் வைத்து, மூடியை அழுத்தி, நிமிடத்துக்குப் பத்து டிகிரி வீதம் சூடேற்றுவோம். பக்கத்தில் இன்னொரு காலிக் கிண்ணம். இரண்டுக்கும் போகும் வெப்பத்தில் உள்ள வித்தியாசம் திரையில் கோடாக ஓடும். தூள் உருகும்போது கோடு ஒரு பெரிய முகடு காட்டும். என் சேர்மத்துக்கு 156 டிகிரியில் அந்த முகடு வரும் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு 118 டிகிரியில் இன்னொரு சின்ன மேடு வந்தது.

கைடு பார்த்துவிட்டு, "அழுக்கு. கிண்ணத்தைச் சுத்தம் பண்ணு" என்றார். செய்தேன். மறுபடியும் வந்தது. புதுக் கிண்ணம், புதுத் தூள், வேறு வேகம் என்று ஒன்பது முறை ஓட்டினேன். ஏழு முறை மேடு அதே இடத்தில் வந்தது. வராத இரண்டும் வேறு கரைப்பானில் படிகமாக்கிய தூள். இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு இது எதைக் காட்டுகிறது என்று புரிந்திருக்கும். ஒரே மூலக்கூறு இரண்டு விதமாக அடுக்கப்பட்டு இரண்டு படிக வடிவமாக இருக்கலாம். காகிதங்களை எடுத்துக்கொண்டு போனேன். "இதற்கு ஒரே வடிவம்தான். நான் பேப்பரே போட்டிருக்கிறேன்" என்றார். காகிதத்தைக் கையில் வாங்கக்கூட இல்லை.

அந்த வார இறுதியில் வீட்டுக்குப் போனபோது அந்தக் கோடுகளை அப்பாவிடம் காட்டினேன். அவருக்கு வேதியியல் தெரியாது. மேட்டின் மேல் விரலை வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மறுபடியும் அதே இடத்துல வந்துச்சா?"

அந்த ஒன்பது ஓட்டத்தில் என்னிடம் வேறு யாரும் கேட்காத கேள்வி அது.

நான் சண்டை போடவில்லை. தீசிஸில் அந்த மேடு இல்லை, நான்தான் எடுத்தேன். டிகிரி வேண்டும் என்ற பயம். நான்கு வருடம் கழித்து வேறொரு குழு அதே சேர்மத்தின் இரண்டாவது வடிவத்தை வெளியிட்டது. அந்தப் பேப்பரைப் படித்த ராத்திரி எனக்குக் கைடு மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்ததுதான் அதிகம்.

இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். ரிட்டோனாவிர் என்ற எச்ஐவி மருந்து 1996-இல் சந்தைக்கு வந்தபோது அதற்கு ஒரே படிக வடிவம்தான் தெரியும். 1998-இல் தொழிற்சாலையில் இன்னொரு வடிவம் தானாக உருவானது. அது அவ்வளவாகக் கரையாது, அதனால் உடம்பில் சேராது. கேப்சூல்களைத் திரும்பப் பெற்று, மருந்தையே வேறு வகையில் தயாரிக்க வேண்டியிருந்தது.

என் கைடு மாதிரியானவர்கள் பெரிய இடங்களிலும் இருந்திருக்கிறார்கள். இஸ்ரேல் விஞ்ஞானி டான் ஷெக்ட்மன் 1982 ஏப்ரல் 8 அன்று அலுமினியம்-மாங்கனீசு உலோகக் கலவையை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, எலெக்ட்ரான்கள் சிதறி விழுந்த புள்ளிகள் பத்துப் பத்தாக வட்டத்தில் நின்றன. படிகத்தில் அப்படி வரவே முடியாது என்பது அன்றைய பாடம். குழுத் தலைவர் அவரிடம் பாடப்புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார், அப்புறம் குழுவை விட்டே போகச் சொன்னார். இரண்டு நோபல் வாங்கிய லைனஸ் பாலிங் 1994-இல் சாகும்வரை இதை ஏற்கவில்லை. ஷெக்ட்மனுக்கு 2011-இல் நோபல் கிடைத்தது.

'பார்த்தீர்களா, அறிவியலும் ஒரு மதம்தான்' என்று இதைத் தூக்கிக்கொண்டு வருபவர்களுக்கு: நான் அதைச் சொல்லவில்லை. 1992-இலேயே சர்வதேசப் படிகவியல் சங்கம் படிகம் என்ற சொல்லின் வரையறையைத் திருத்திவிட்டது. பத்தே வருடம். பாலிங் ஒப்புக்கொள்ளட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. மற்ற ஆய்வகங்களிலும் அதே புள்ளிகள் வந்தன, அது போதுமானதாக இருந்தது. மனிதர்கள் பிடிவாதமாக இருந்தாலும் அவர்களைத் தாண்டிப் போக அறிவியலில் ஒரு வழி இருக்கிறது. மத அமைப்புகளில் அந்த வழி மிகக் குறுகல், அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்னதற்காகக் கத்தோலிக்கத் திருச்சபை 1633-இல் கலிலியோவை வீட்டுக் காவலில் வைத்தது, 1642-இல் சாகும்வரை விடுவிக்கவில்லை. திருச்சபையின் தலைவர் அந்தத் தவறை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 1992-இல்.

ஆனால் அதே சபைக்குள் ஜார்ஜ் லெமைத்ரும் இருந்தார். பெல்ஜியம் நாட்டுப் பாதிரியார், இயற்பியலாளர். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இல் எழுதினார், 1931-இல் எல்லாம் ஒரு ஆதி அணுவிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்றார். 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ், படைப்பு நடந்ததற்கு அறிவியலே சாட்சி சொல்கிறது என்கிற தொனியில் பேசினார். வேறொரு பாதிரியாராக இருந்தால் மகிழ்ந்திருப்பார். லெமைத்ர் சங்கடப்பட்டார். தன் கோட்பாடு மதக் கேள்விக்கு வெளியே நிற்பது, அதை வேதத்துக்கு முட்டுக் கொடுக்கப் பயன்படுத்தக் கூடாது என்பது அவர் நிலை. தன் நம்பிக்கைக்குச் சாதகமாக வந்ததையே வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? 'எல்லாம் எங்கள் வேதத்தில் ஏற்கெனவே இருக்கிறது' என்று எந்த மதத்தவர் சொன்னாலும் எனக்கு அவர்தான் நினைவுக்கு வருகிறார். ஏற்கெனவே இருந்தால், கண்டுபிடிப்பதற்கு முந்தின நாள் ஏன் ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை?

எல்லாக் கைடுகளையும் நான் குறை சொல்லவில்லை. நம்பிக்கையுள்ள எல்லோரும் என் அப்பா மாதிரி என்றும் சொல்லவில்லை. அம்மாவின் மாத்திரையை நிறுத்தச் சொன்னவரும் நம்பிக்கையுள்ளவர்தான். எனக்கு அவரும் என் கைடும் ஒரே மாதிரித் தெரிகிறார்கள். ஒருவர் அம்மாவின் எக்ஸ்ரேயைப் பார்க்கவில்லை, இன்னொருவர் என் காகிதத்தை வாங்கவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் இப்போது ஒரு மருந்துத் தரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். பழைய நண்பர்கள் பார்க்கும்போதெல்லாம் 'ஆராய்ச்சியை விட்டுட்டியே, படிப்பு வீணாச்சே' என்கிறார்கள். பேப்பர் வந்தால்தான் அறிவியலா? ஒரு மாத்திரை சொன்ன நேரத்தில் சொன்ன அளவு கரைகிறதா என்று நாள் முழுக்க நின்று பார்ப்பது என்னவாம்? என் அம்மா விழுங்கிய மாத்திரைகளையும் இப்படி யாரோ ஒருவர் நின்று சோதித்துத்தான் அனுப்பியிருப்பார். இந்த வேலையை மட்டமாகப் பேசுவது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி டிஎஸ்சி காகிதத்தோடு என் மேசைக்கு வந்தாள். இருக்கக் கூடாத இடத்தில் சின்னதாக ஒரு மேடு. அன்றைக்கு அனுப்ப வேண்டிய அறிக்கைகள் நிறைய. 'அழுக்கு, சுத்தம் பண்ணு' என்பது என் வாய்வரை வந்துவிட்டது. காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "மறுபடியும் அதே இடத்துல வந்துச்சா?" என்று கேட்டேன். தெரியாது, ஒரு முறைதான் ஓட்டினேன் என்றாள். இருவரும் சேர்ந்து ஐந்து முறை ஓட்டினோம், சாயங்காலம் ஏழு மணி ஆகிவிட்டது. மேடு வரவே இல்லை. முதல் கிண்ணத்தில் ஒட்டியிருந்த ஏதோ ஒன்றுதான். ஆறு காகிதங்களையும் தேதி போட்டுக் கோப்பில் வைத்துவிட்டுக் கிளம்பினோம்.