நுழைவுக் கட்டணம் இல்லாத போட்டிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய பள்ளியில் கணக்கு, அறிவியல், ஆங்கிலம் என்று பாடத்துக்குப் பாடம் கட்டணம் வாங்கிக்கொண்டு தனியார் ஒலிம்பியாட் தேர்வுகளை நடத்துகிறார்கள். பயிற்சிப் புத்தகத்துக்குத் தனியே பணம். இப்படிப் பணம் கட்டாமல் கலந்துகொள்ளக்கூடிய போட்டிகளே கிடையாதா? (ஒரு தாய், மன்னார்குடி)

பதில்: நிறையவே இருக்கின்றன. கட்டணம் வாங்கும் தேர்வைப் பற்றிப் பள்ளிக்கே வந்து பேச ஆள் உண்டு. கட்டணம் இல்லாத போட்டிக்கு ஒரு சுற்றறிக்கை மட்டுமே உண்டு, அதுவும் பல பள்ளிகளில் தலைமையாசிரியர் அறையைத் தாண்டி வகுப்பறைக்கு வந்து சேர்வதில்லை. ஆகவே உங்கள் ஊர்த் தலைமை அஞ்சலகத்திலிருந்தே தொடங்கலாம் என்று சொல்வேன்.

இந்திய அஞ்சல் துறை 2017 முதல் ‘டாய் ஆகர்’ என்ற பெயரில் கடிதம் எழுதும் போட்டியை நடத்திவருகிறது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர், மேற்பட்டோர் என இரண்டு பிரிவுகள். ஒவ்வொன்றிலும் உள்நாட்டுக் கடிதத் தாளில் 500 சொற்களுக்குள் எழுதலாம், அல்லது ஏ4 தாளில் 1,000 சொற்களுக்குள் எழுதி உறையிலிட்டு அனுப்பலாம். தமிழிலேயே எழுதலாம், ஆனால் கையால் எழுதியிருக்க வேண்டும். மாநில அளவில் 25,000, 10,000, 5,000 ரூபாயும் தேசிய அளவில் 50,000, 25,000, 10,000 ரூபாயும் பரிசு. செலவு என்று பார்த்தால் அஞ்சல் தலைக்கு ஆகும் சில்லறைதான். கடிதத்திலேயே தன் வயது பதினெட்டுக்குக் கீழ் என்று உறுதிமொழி எழுத வேண்டும் என்ற விதியை மட்டும் பிள்ளைகள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். நான்கு நாள் உழைத்து எழுதிய கடிதம் அந்த ஒரு வரி இல்லாததால் தள்ளுபடியாவதைப் போல எரிச்சலூட்டுவது வேறில்லை.

இந்தப் போட்டிக்கு வரும் பெரும்பாலான கடிதங்கள் கடிதங்களே அல்ல, பள்ளிக் கட்டுரையின் தலையில் ‘அன்புள்ள’ என்று ஒட்டிய தாள்கள் என்பது என் எண்ணம். 2024-ஆம் ஆண்டு கொடுக்கப்பட்ட பொருள், மின்னணுக் காலத்தில் கடிதம் எழுதும் மகிழ்ச்சியைப் பற்றியது. இத்தகைய பொருளுக்குத் ‘தகவல் தொடர்பின் வரலாறு மிகத் தொன்மையானது’ என்று தொடங்கினால் படிப்பவர் அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவார். பெறுநர் யார் என்பதை உங்கள் மகள் முதலில் முடிவு செய்யட்டும். துபாயில் வேலை பார்க்கும் மாமாவா, ஊர் மாறிப்போன தோழியா, எதிர்வீட்டுத் தபால்காரரா? ஆளை நினைத்துக்கொண்டு எழுதினாலே நடை தானாக மாறிவிடும்.

அஞ்சல் துறை வழியாகவே இன்னொரு போட்டியும் உண்டு. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தலைமையகம் கொண்ட உலக அஞ்சல் ஒன்றியம் 1971 முதல் நடத்தும் பன்னாட்டுக் கடிதப் போட்டி அது. ஒன்பது முதல் பதினைந்து வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. உங்கள் மகளுக்கு இன்னும் சில ஆண்டுகள் வாய்ப்பு இருக்கிறது.

ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கு, அஞ்சல்தலை சேகரிப்பை முன்வைத்து ‘தீன்தயாள் ஸ்பர்ஷ்’ என்ற உதவித்தொகைத் திட்டமும் உள்ளது. தேர்வு பெற்றால் ஆண்டுக்கு 6,000 ரூபாய். முதலில் வினாடி வினா, அதில் தேறியவர்கள் அஞ்சல்தலைகளைக் கொண்டு ஒரு செயல்திட்டம் செய்ய வேண்டும். பள்ளியில் அஞ்சல்தலை மன்றம் இல்லையென்றால் 200 ரூபாய் செலுத்தி அஞ்சலகத்தில் வைப்புக் கணக்கு தொடங்க வேண்டியிருப்பதால் இதை முற்றிலும் இலவசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பணம் அஞ்சல்தலைகளாக வீட்டுக்கே வந்துவிடுகிறது.

எட்டாம் வகுப்பு என்பதால் ஒன்று கேட்கிறேன்: பள்ளி அரசுப் பள்ளியா, அரசு உதவி பெறும் பள்ளியா? அப்படியானால், குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருந்தால், தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித்தொகைத் தேர்வை, அதாவது என்.எம்.எம்.எஸ். தேர்வை, தவறவிடாதீர்கள். தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். தனியார் சுயநிதிப் பள்ளியில் படிப்பவர்களுக்கு இது பொருந்தாது.

கேள்வி: எங்களுடையது மலையடிவாரத்திலுள்ள அரசு நடுநிலைப் பள்ளி. ‘இன்ஸ்பயர்’ விருதுக்கு மாணவர்களின் யோசனைகளைப் பதிவு செய்யச் சொல்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ஆய்வகமே கிடையாது. எதைப் பதிவு செய்வது? (ஆசிரியர், அரூர் வட்டாரம்)

பதில்: ஆய்வகம் தேவைப்படாத போட்டி என்பதே அதன் சிறப்பு. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் தேசியப் புத்தாக்க நிறுவனமும் இணைந்து நடத்தும் இன்ஸ்பயர்–மானக் திட்டத்தில் ஒரு பள்ளி ஐந்து யோசனைகள் வரை இணையத்தில் பதிவு செய்யலாம். தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவரின் வங்கிக் கணக்குக்கு மாதிரி செய்வதற்காக 10,000 ரூபாய் வரும். பிறகு மாவட்டம், மாநிலம், தேசம் என மூன்று கட்டக் கண்காட்சி. முன்பு பத்தாம் வகுப்பு வரை என்றிருந்ததை இப்போது பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்டித்திருக்கிறார்கள்.

மதிப்பிடுபவர்கள் பார்ப்பது புதுமை, சமூகப் பயன், சுற்றுச்சூழலுக்குக் கேடின்மை, கையாளும் எளிமை, இப்போது புழக்கத்தில் இருப்பதைவிட எந்த வகையில் மேல் என்பது ஆகியவற்றைத்தான். எரிமலை மாதிரியும் மழைநீர்ச் சேகரிப்பு மாதிரியும் அறிவியல் கண்காட்சிக்குப் பொருத்தமாக இருக்கலாம், இங்கே எடுபடா. பாடப்புத்தகத்தில் இருப்பதைச் செய்து காட்டுவது விளக்கம், அது யோசனை ஆகாது.

திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கரின் எடுத்துக்காட்டை வகுப்பில் சொல்லுங்கள். தெருவில் இஸ்திரி போடுபவர் பயன்படுத்தும் கரியைப் பார்த்து, அதற்குப் பதிலாகச் சூரிய ஆற்றலில் இயங்கும் இஸ்திரி வண்டியை யோசித்த பள்ளி மாணவி அவர். அதே தேசியப் புத்தாக்க நிறுவனம் அப்துல் கலாம் பெயரில் வழங்கும் இக்னைட் விருதை 2019-இல் பெற்றார்; 2021-இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேசினார். அவருடைய தொடக்கப்புள்ளி ஆய்வகம் அன்று, அன்றாடம் பார்க்கும் ஒரு தெரு.

உங்கள் பிள்ளைகளின் வீடுகளில் என்ன வேலை நடக்கிறது என்று கேளுங்கள். புளி கொட்டை எடுப்பது, ஆட்டுக்குத் தழை ஒடிப்பது, மரவள்ளிக் கிழங்கு பிடுங்குவது, குடத்தோடு மேடேறுவது. ‘இதில் உன் அம்மாவுக்கு எங்கே வலிக்கிறது? எதில் நேரம் வீணாகிறது?’ என்ற இரண்டு கேள்விகளை ஒரு பாடவேளை முழுவதும் பேசவிட்டால் இருபது பிரச்சினைகளாவது கரும்பலகையில் சேரும். அதிலிருந்து ஐந்தைத் தேர்ந்தெடுப்பதுதான் உங்கள் வேலை. எழுதும்போது அம்மா குனிந்து எத்தனை நேரம் கொட்டை எடுக்கிறார், இப்போது எந்தக் கருவி பயன்படுகிறது, அதில் என்ன குறை, தன் கருவி எப்படி மாறுபடும் என்று வரிசையாக, பிள்ளையின் சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். பென்சிலில் ஒரு படம் போதும்.

பதிவுக்கு முன்பே இன்னொரு வேலை இருக்கிறது. மாணவரின் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா, அதிலுள்ள பெயரும் முன்னெழுத்தும் பள்ளிப் பதிவேட்டோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். யோசனை தேர்வான பிறகு முன்னெழுத்துக்காக வங்கிக்கும் பள்ளிக்கும் அலைவது ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் தேவையற்ற சுமை.

கேள்வி: நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். கவிதை எழுதுவேன். எங்கு அனுப்புவது என்று தெரியவில்லை. (மாணவி, அம்பாசமுத்திரம்)

பதில்: தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குக் கவிதை, கட்டுரை, பேச்சுப் போட்டிகளை நடத்துகிறது. மாவட்ட அளவிலேயே 10,000, 7,000, 5,000 ரூபாய் என்று பரிசு உண்டு. விண்ணப்பத்தில் தலைமையாசிரியரின் கையொப்பம் வேண்டும் என்பதால் உன் தமிழாசிரியரிடம் இன்றே சொல்லி வை. தலைப்பைப் போட்டி நேரத்தில்தான் அறிவிப்பார்கள். ஆகவே வீட்டில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போகும் பழக்கம் அங்கே உதவாது. கொடுத்த தலைப்பில் ஒரு மணி நேரத்தில் எழுதி, அடித்துத் திருத்தி, படி எடுக்கப் பழகிக்கொள். தலைவர்களின் பிறந்தநாளையொட்டி அதே துறை நடத்தும் பேச்சுப் போட்டிகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கெனச் சிறப்புப் பரிசும் தனியே உண்டு.

உன் வகுப்புக்கே உரியது தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வு. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்திலிருந்தே கேள்விகள் வரும். 1,500 பேரைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 1,500 ரூபாய் வழங்குகிறார்கள். பாதி இடம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு. இதற்கு 50 ரூபாய் கட்டணம் உண்டு என்றாலும் இந்தப் பகுதியில் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அரசுப் பள்ளியில் படிக்கிறாய் என்றால் கலைத்திருவிழாவையும் விட்டுவிடாதே. 2022 முதல் நடக்கும் அந்த விழாவில் பாட்டும் நடனமும் மேடையில் அதிகம் தெரிவதால், எழுத்துப் பிரிவுகள் இருப்பதே பல மாணவர்களுக்குத் தெரிவதில்லை. தம்பி தங்கைகள் எழுதினால், பள்ளிக்கல்வித் துறை வெளியிடும் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களுக்கு அனுப்பச் சொல்; மாணவர் படைப்புகளை அவை வெளியிடுகின்றன.

கேள்வி: என் மகன் வரைந்த படத்தைக் கட்டணமில்லாப் போட்டி என்று நம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். ‘சிறப்புப் பரிசு’ என்று வாழ்த்திவிட்டு, சான்றிதழுக்கும் பதக்கத்துக்கும் பணம் கேட்கிறார்கள். கட்டலாமா? (தந்தை, காரைக்குடி)

பதில்: கட்ட வேண்டாம். கலந்துகொண்ட அனைவருக்கும் சிறப்புப் பரிசு தருவது போட்டியில்லை, சான்றிதழ் வியாபாரம். இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு வகையும் உண்டு: பிள்ளையின் கதையைத் தொகுப்பு நூலில் சேர்ப்பதாகச் சொல்லி, அந்த நூலில் சில படிகளைப் பெற்றோர் தலையில் கட்டுவது. போட்டியை நடத்துபவர் யார், நடுவர்கள் யார், சென்ற ஆண்டு வென்ற படைப்பு எங்கே பார்க்கக் கிடைக்கும் என்ற மூன்றுக்கும் பதில் இல்லாத இடத்தில் மகனின் படத்தை மட்டுமல்ல, பள்ளிப் பெயரையும் கைப்பேசி எண்ணையும்கூடக் கொடுக்காதீர்கள்.

வரைய விருப்பமுள்ள பிள்ளைக்கு மத்திய எரிசக்தித் திறன் செயலகம் நடத்தும் தேசிய ஓவியப் போட்டி நல்ல தொடக்கம். ஐந்து முதல் ஏழாம் வகுப்பு வரை ஒரு பிரிவு, எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரை இன்னொன்று. பள்ளிதான் பதிவு செய்து படங்களை அனுப்ப வேண்டும். மாநில முதல் பரிசே 50,000 ரூபாய். ஜவகர் சிறுவர் மன்றங்களையும் விசாரியுங்கள். ஐந்து முதல் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு மிகக் குறைந்த கட்டணத்தில் ஓவியமும் இசையும் நடனமும் கற்றுத்தருகிறார்கள், போட்டிகளும் நடத்துகிறார்கள்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு, தமிழ்வழி. எனக்குக் கணினியும் விண்வெளியும் பிடிக்கும். வீட்டில் கணினி இல்லை. (மாணவர், ஒட்டன்சத்திரம்)

பதில்: சரியான வகுப்பில் இருக்கிறாய். இஸ்ரோவின் ‘யுவிகா’ இளம் விஞ்ஞானி நிகழ்ச்சி ஒன்பதாம் வகுப்பினருக்கு மட்டுமே. இரண்டு வாரம் இஸ்ரோ மையத்தில் தங்கிப் பயிற்சி; பயணம், தங்குமிடம், உணவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணும் இணைய வினாடி வினாவும் கணக்கில் வரும். ஊராட்சிப் பகுதிப் பள்ளி மாணவர்களுக்குத் தனி மதிப்பெண் உண்டு. அறிவிப்பு வந்தபின் நாட்கள் அதிகம் இருக்காது என்பதால், சான்றிதழ் நகல்களை இப்போதே ஓர் உறையில் எடுத்து வை.

கணினிச் சிந்தனைக்கு ‘பெப்ராஸ்’ போட்டி இருக்கிறது. 2004-இல் லித்துவேனியாவில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியது; இந்தியாவில் கட்டணம் இல்லை, தமிழிலும் வினாக்கள் உண்டு. நிரல் எழுதத் தெரிய வேண்டாம். வரிசைப்படுத்துதல், குறுக்குவழி தேடுதல் போன்ற புதிர்கள்தாம், தாளிலேயே பழகலாம். போட்டியன்று மட்டும் பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தைத் திறந்துவைக்க உன் கணித ஆசிரியர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கேள்வி: கட்டுரைப் போட்டிக்குப் பிள்ளைகள் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் எழுதி வாங்கி வருகிறார்கள். எப்படித் தடுப்பது? (தமிழாசிரியை, விருத்தாசலம்)

பதில்: முன்பு அப்பா எழுதிக் கொடுத்தார், இப்போது செயலி எழுதிக் கொடுக்கிறது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வரை இரண்டையுமே தடுக்க முடியாது. பள்ளி அளவிலான சுற்றை வகுப்பறையிலேயே, தாளும் பேனாவுமாக வைத்துக்கொள்ளுங்கள். பொருளையும் சற்று மாற்றலாம்: ‘நீர் மேலாண்மையின் முக்கியத்துவம்’ என்றால் எந்தச் செயலியும் பக்கம் பக்கமாகத் தரும், ‘எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வரும் நாள்’ என்றால் அந்தத் தெருவில் இருப்பவர்தான் எழுத வேண்டியிருக்கும். வெளியே அனுப்ப வேண்டிய படைப்பானால் முதல் வரைவையும் அடித்தல் திருத்தலோடு வாங்கி உங்களிடம் வைத்துக்கொண்டு, அனுப்பும் முன் மாணவரை எதிரில் உட்கார வைத்து இரண்டு பத்திகளைப் பற்றிக் கேள்வி கேளுங்கள்.