தினமும் ஓடியும் இரண்டாம் பாதியில் தளர்வது ஏன்?

கேள்வி: எங்கள் ஊர்க் கபடி அணியில், எதிரணிக் களத்துக்குப் பாடிச் செல்லும் ரெய்டராக ஆடுகிறேன். தினமும் விடியற்காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓடியும் இரண்டாம் பாதியில் கால் கனத்துப்போகிறது. தொட்டுவிட்டுத் திரும்பும்போது பிடிபட்டுவிடுகிறேன். ஓட்டத்தை எட்டு கிலோமீட்டராக்கலாமா?
– வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: வேண்டாம். ஆண்கள் கபடிக் களத்தில் நடுக்கோட்டிலிருந்து எதிரணியின் கடைசிக் கோடு வரை ஆறரை மீட்டர்தான். ஒரு ரெய்டுக்கு 30 விநாடிதான். அதற்குள் பாய்வது, சட்டென நிற்பது, திசை மாறுவது, பிடியை உதறிக் கோட்டுக்கு எம்புவது என எல்லாமே வெடிப்பான அசைவுகள். இவற்றுக்குத் தசை முதலில் செலவிடும் கிரியேட்டின் பாஸ்பேட் சில விநாடிகளில் பெருமளவு தீர்ந்துவிடும். அது மீண்டும் ஏறக்குறைய நிரம்பச் சில நிமிடங்கள் பிடிக்கும். நெடுந்தூர ஓட்டம் இந்த மீட்சிக்கு உதவுமே தவிர, பாயவோ நிற்கவோ பழக்காது என்பதால் அதை வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வேறு இரண்டு நாட்களில், இடையே ஒரு நாளாவது விட்டு, ரெய்டையே பயிற்சியாக்குங்கள். நடுக்கோட்டிலிருந்து பாய்ந்து, எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு முன்னால் இருக்கும் போனஸ் கோட்டைத் தொட்டு, இடமும் வலமும் நகர்ந்து, கடைசி ஐந்து விநாடியில் முழுவேகத்தில் திரும்புங்கள்; பிறகு ஒன்றரை நிமிடம் நடங்கள். இப்படி ஆறு முறை செய்து, வேகம் தளர்ந்ததும் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். பலரும் பயிற்சியில் வாய் திறப்பதில்லை. 'கபடி கபடி' என்று உரக்கப் பாடிக்கொண்டே செய்தால்தான் ஆட்டத்தில் மூச்சு கட்டுக்குள் இருக்கும்.

வேகத்தைவிட நான் அதிகம் கவலைப்படுவது, நிற்கும் முறையைப் பற்றித்தான். காலை ஊன்றித் திரும்பும் கணத்தில் முட்டி உள்பக்கமாக மடிந்தால், எவரும் தொடாமலேயே முட்டிக்குள் இருக்கும் ஏ.சி.எல். தசைநார் கிழிவதுண்டு. தாழ்வான படியிலிருந்து குதித்து, சத்தம் எழாமல், முட்டி பாதத்துக்கு நேராக இருக்கும்படி இறங்கப் பழகுங்கள். நண்பர் ஒருவர் கணுக்கால்களை அழுத்திப் பிடித்திருக்க, மண்டியிட்டு, உடலை வளைக்காமல் மெல்ல முன்னால் சாயும் நார்டிக் பயிற்சி தொடையின் பின்தசையைக் காக்கும். முதல் வாரம் ஐந்தைந்தாக இரண்டு சுற்றுக்கு மேல் வேண்டாம், மறுநாள் வலி படுத்திவிடும். தண்டாலும் பஸ்கியும் நல்லவையே. ஆனால் இருநூறு, முந்நூறு என்று எண்ணிக்கையை ஏற்றுவதைவிட, பளுவை ஏற்றி எண்ணிக்கையைக் குறைப்பதே பாய்ச்சலுக்கு உதவும்.

கேள்வி: 14 வயது மகள் பள்ளிக் கபடி அணியில் இருக்கிறாள். எடை தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்கிறார்களே?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அதற்கு ஆதாரம் இல்லை. பயிற்சியாளர் மேற்பார்வையில், உடல் எடையை மட்டும் கொண்டு உட்கார்ந்து எழும் முறை பிசகாமல் வந்த பிறகு, சிறு பளுவில் தொடங்கலாம். பெண்களுக்கு ஏ.சி.எல். காயம் நேரும் வாய்ப்பு ஆண்களைவிடக் கூடுதல் என்பதால், மேலே சொன்ன குதித்து இறங்கும் பயிற்சியை அவள் தவறாமல் செய்யட்டும்.