புகையடித்தும் கொசு ஒழியவில்லை, இதைவிடக் கடுமையான மருந்து எது?

புகையடித்துவிட்டுப் போன இரண்டாம் நாளே மறுபடியும் கொசு, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், இதைவிடக் கடுமையான மருந்து எது என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்தின் பெயரை எதிர்பார்த்தால் என் பதில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கொசு விஷயத்தில் எனக்கும், மலேசியாவில் இருக்கிற எங்கள் தாமானுக்கும் (குடியிருப்புப் பகுதிக்கும்) பழைய கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது.

நீங்கள் தாமானில் வரிசை வீட்டில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். முன்னால் கார் நிறுத்தும் இடம், பின்னால் சமையற்கட்டை நீட்டிக் கட்டித் தகரக் கூரை. மாலையில் துணி எடுக்கப் போனால் கணுக்காலில் கடிக்கிறது, சத்தமே கேட்பதில்லை. அப்படியானால் அது சாக்கடைக் கொசு அல்ல. சாக்கடையில் வளரும் கியூலெக்ஸ் இரவில் காதோரம் வந்து பாடிவிட்டுக் கடிக்கும். விடிகிற நேரத்திலும் பொழுது சாய்கிற நேரத்திலும் கடிப்பது, டிங்கிக் (டெங்கு) காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ். காலில் வெள்ளை வரி இருக்கும். அதற்கு அழுக்குத் தண்ணீர் தேவையில்லை. குடிக்கிற தண்ணீர் போலத் தெளிவாக, ஒரு கிண்ணம் அளவுக்கு அசையாமல் நின்றால் போதும்.

புகை, அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கிற கொசுவை மட்டும் கொல்லும். தண்ணீருக்குள் இருக்கிற புழுவுக்குப் புகை வந்ததே தெரியாது. பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கிற முட்டையோ, காய்ந்து கிடந்தாலும் பல மாதம் தாக்குப்பிடித்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள். போதாக்குறைக்கு, புகை எந்திரத்தின் சத்தம் கேட்டதும் நாம் ஓடிப் போய்ச் சன்னலை அடைக்கிறோம். வருகிறவர்களோ கதவைத் திறந்து வையுங்கள், சாப்பாட்டை மூடி வையுங்கள் என்று கத்திக்கொண்டே போகிறார்கள். புகையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அப்படித் திரித்துக்கொண்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம். டிங்கி கண்ட இடத்தில் நோயைச் சுமந்து பறக்கும் கொசுவைக் கொல்ல அது வேண்டியதுதான். அதையே வாடிக்கையான வைத்தியமாக நினைத்துக் காத்திருப்பதுதான் கூடாது என்கிறேன்.

"நீ என்ன டாக்டரா?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு: இல்லை. செம்பனை எண்ணெய் ஆலையில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் என் அப்பா, உலு சிலாங்கூர் மலையடிவாரத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் ஓடைகளுக்கு எண்ணெய் தெளித்தவர். முதுகில் தகரத் தொட்டி, கையில் பம்பு. வாரம் தவறாமல் ஓடை, ஊற்று, கால்வாய் என்று சுற்றி வருவார். எண்ணெய் தண்ணீரின் மேல் ஆடையாகப் படிந்துவிட்டால் மூச்சுவிட மேலே வரும் புழு செத்துப்போகும். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் அவருக்குப் பெயரே எண்ணெய்க்காரர்தான். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களுக்கு அது ஓடையோரம் உலாத்துகிற வேலை என்று இளக்காரம். மாலையில் அவர் மேல் வரும் எண்ணெய் நாற்றம் எங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த வேலை ஏன் வந்தது என்பதை நான் பெரியவனான பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். மலேரியாக் கிருமி கொசுவின் உடம்பில் வளர்வதை ரொனால்டு ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தார். 1901இல் கிள்ளானுக்கு வந்த மால்கம் வாட்சன் என்ற மருத்துவர், சதுப்பு நிலத்தை வெட்டி வடியவிட்டே அந்த ஊரின் காய்ச்சலைக் குறைத்துக் காட்டினார். அதே வைத்தியத்தை மலைப்பக்கத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனபோது பலிக்கவில்லை. காட்டை வெட்டி ஓடையில் வெயில் விழ வைத்ததும், அனோபிலிஸ் மாக்குலாட்டஸ் என்ற வேறோர் இனம் பெருகிவிட்டது. அதற்கு வெயில் படுகிற தெளிந்த ஓடைநீர்தான் பிடிக்கும். அதனால்தான் எண்ணெய், அதனால்தான் என் அப்பா.

பறக்கிற கொசுவை அப்பா மதித்ததே இல்லை. நாங்கள் கையைத் தட்டிக் கொன்று காட்டினால், "சரி, இது பிறந்த இடம் எது? அதைக் காட்டு" என்பார். வெள்ளை எனாமல் கரண்டியில் தண்ணீரை அள்ளிக் காட்டுவார். மலேரியாக் கொசுவின் புழு தண்ணீரின் மேல் மட்டமாகப் படுத்திருக்கும். மற்றவை தலைகீழாகத் தொங்கும். நான் படித்த கொசுப் பாடம் அவ்வளவுதான்.

போன ஆண்டு அக்டோபர் மழையில் எங்கள் வரிசையில் ஒரு பிள்ளைக்கு டிங்கி. அடுத்து வேறு ஒரு வீட்டில் தாய்க்கும் மகனுக்கும். புகையடித்தார்கள். குடியிருப்போர் சங்கத்தார் கூடிப் பேசிக் குற்றவாளியையும் கண்டுபிடித்துவிட்டார்கள்: முனை வீட்டு அக்காவின் மங்குகள், அதாவது ரப்பர்ப் பால் பிடிக்கும் கிண்ணங்கள்.

அந்த அக்கா பால் வெட்டியே பிள்ளைகளைக் கரையேற்றியவர். தோட்டம் செம்பனைக்கு மாறி லயம் இடிபட்டபோது, ஒரு சாக்கு நிறையப் பழைய பால் மங்குகளைக் கையோடு கொண்டுவந்தார். வேலிக் கம்பியில் வரிசையாகக் கட்டி, ஒன்றில் கற்பூரவல்லி, ஒன்றில் துளசி, ஒன்றில் வெற்றிலைக் கொடி என்று வளர்க்கிறார். பார்க்கிற யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். மங்கில் தேங்கும் மழைநீரில் ஏடிஸ் அல்போபிக்டஸ் என்ற ஏடிஸ் இனம் வளரும் என்பது ரப்பர்த் தோட்டங்களில் தெரிந்த சங்கதி. சங்கச் செயலாளர் அந்த வேலியைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். கீழே ஆளுக்கொரு கைகூப்பல், ஆளுக்கொரு அறிவுரை.

அக்கா ஒரு மங்கைக் கையில் எடுத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தார். கறுப்பு பிளாஸ்டிக் மங்கு. உள்விளிம்பில் பழைய பால் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. கவிழ்த்துக் காட்டினார். அடியில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் போட்ட மூன்று ஓட்டைகள், ஓரம் உருகித் தடித்திருந்தது. "நீங்களே பாருங்கள் தம்பி, இதில் தண்ணீர் நிற்குமா? மழை வந்தால் மங்கைக் கவிழ்க்க வேண்டும் என்று தெரியாமலா இத்தனை வருஷம் பால் வெட்டினேன்?" என்றார். அழவில்லை. கோபத்தில் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

கைவிளக்கையும் சமையற்கட்டிலிருந்து ஒரு வெள்ளைக் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வரிசை முழுக்க நடந்தேன். சிலர் உள்ளே விட்டார்கள், சிலர் முகத்தைச் சுளித்தார்கள். புழு எங்கெல்லாம் இருந்தது தெரியுமா? குளிர்பதனப் பெட்டியின் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டில். பாத்திரம் கவிழ்க்கும் தட்டியின் அடியில். பூந்தொட்டிக்குக் கீழே வைத்த தட்டில். சாமி மேடையில் மாற்றாமல் விட்ட செம்புத் தண்ணீரில். காரை மூடிய பிளாஸ்டிக் விரிப்பின் மடிப்பில். செயலாளர் வீட்டுக் கூரை ஓரத்தில் என்ன இருந்தது என்று எழுதினால் கைகலப்பாகிவிடும், விட்டுவிடுகிறேன்.

இவையெல்லாம் கொஞ்சம்தான். நடுவில் ஒரு வீடு பூட்டியே கிடந்தது. உரிமையாளர் கோலாலம்பூரில். அலைந்து திரிந்து அவருடைய மைத்துனரைப் பிடித்துச் சாவியோடு வரவழைத்தேன். குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, அடியில் ஒரு நீல வாளி, விளிம்பு வரைக்கும் தண்ணீர். விளக்கை அடித்ததும் மேற்பரப்பில் இருந்த கறுப்பெல்லாம் நெளிந்து நெளிந்து அடிக்கு இறங்கியது. விளக்கை விலக்கிக் கொஞ்சம் பொறுத்தோம். ஒவ்வொன்றாக மேலே வந்து, வால் நுனியைத் தண்ணீரின் தோலில் ஒட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கின. மைத்துனர், "இது என்ன, மீன் குஞ்சா?" என்றார். மூடி திறந்து கிடந்த கழிப்பறைத் தொட்டியிலும் இதே கூட்டம். சுகாதார அதிகாரிகள் வந்து சிறு புட்டியில் எடுத்துப் பார்த்து ஏடிஸ்தான் என்றார்கள். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 வெள்ளி (ரிங்கிட்) அபராதமும் எழுதினார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் வரிசையில் காய்ச்சல் இல்லை. அந்த ஒரு வீடுதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன், மழையும் அப்போது குறைந்துவிட்டது.

என் வயிற்றெரிச்சல் வேறு. அந்த வரிசை வீடுகள், தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர்களுக்கு என்று சொல்லிக் கட்டப்பட்டவை. லயத்தில் பிறந்து லயத்திலேயே கிழவியான எத்தனையோ பேர், விண்ணப்பப் பாரத்தில் ஒரு தாள் குறைகிறது, மகன் சம்பளம் கூடிவிட்டது என்று திருப்பி அனுப்பப்பட்டு, இன்றைக்கும் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். தோட்டத்து மண்ணை மிதிக்காதவர் ஒருவர் ஒரு வீட்டை வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறார், விலை ஏறட்டும் என்று. அதில் கொசு குடியிருக்கிறது. இது கொசுக் கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகிறது.

சரி, உங்கள் பிள்ளைகளுக்கு வருகிறேன். வாரத்தில் ஒரு நாள், பத்து நிமிடம் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பாருங்கள். சுகாதார அமைச்சு சொல்வதும் அதுதான். தண்ணீரைக் கொட்டினால் போதாது, பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும், முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும். தண்ணீர் வெட்டுக்குப் பயந்து தொட்டியில் பிடித்து வைக்கிறவர் என்றால், இறுக்கி மூடுங்கள். மூட முடியாததற்கு, புழுவைக் கொல்லும் அபேட் மணல் மருந்து, 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம். சன்னலுக்கு வலை அடியுங்கள். மாலையில் பிள்ளைக்கு நீளக் கால்சட்டை போட்டுவிடுங்கள்.

கொசுவத்திச் சுருளைப் படுக்கையறையில் ஏற்றி வைத்துக் கதவைச் சாத்துகிற பழக்கம் இருந்தால் விடுங்கள். சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களைச் சோதித்து 2003இல் வெளியான ஆய்வு ஒன்று, ஒரு சுருள் எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரைக்கும் சமம் என்றது. பிறகு, வாசலில் செராய் (எலுமிச்சைப் புல்) நட்டால் கொசு வராது என்று யாராவது கீழே எழுதுவார்கள். அதன் எண்ணெயைப் பூசிக்கொண்டால் கொஞ்ச நேரம் தாங்கும். செடி சும்மா நின்றால் அதன் நிழலிலேயே கொசு உட்கார்ந்திருக்கும், என் வீட்டில் வந்து பாருங்கள். வோல்பாக்கியா கொசுவை, அதாவது டிங்கிக் கிருமியைக் கொசு பரப்புவதைக் குறைக்கும் ஒரு பாக்டீரியாவை ஏற்றிய கொசுவைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்கிற படித்தவர்களுக்கு: 2017 முதல் சிலாங்கூரில் விட்டுப் பார்த்தார்கள், நல்ல முயற்சிதான். அதை நீங்களும் நானும் கடையில் வாங்கி வீட்டில் விட முடியாது.

காய்ச்சல் கண்டால் ஆஸ்பிரின், ஐபுபுரூபன் கொடுத்துவிடாதீர்கள், டிங்கியாக இருந்தால் இரத்தக் கசிவை அதிகமாக்கும். கிளினிக்குக்குப் போய் இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள்.

அக்காவின் வேலி அப்படியே இருக்கிறது. குழுவில் போட்ட படத்தைச் செயலாளர் இன்னும் எடுக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. உங்கள் வரிசையிலும் பூட்டிய வீடு ஒன்று இருக்கத்தான் செய்யும். அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று இந்த வாரமே விசாரியுங்கள். மருந்து வாங்குவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.