மீன்தான் கொன்றதா?

அன்புள்ள ஐயா,

ஜான் கிளீஸின் 'ஃபால்டி டவர்ஸ்' என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர் பார்த்தேன். மொத்தமே 12 பகுதிகள். ஏன் அதோடு நிறுத்தினார்கள்? நானும் ஒரு நகைச்சுவைத் தொடர் எழுதுகிறேன். மூன்று மாதத்தில் 40 பகுதிகள் முடித்துவிட்டேன். பகுதிக்கு முப்பது ஜோக்காவது இருக்கும். முதல் பகுதியை இணைத்திருக்கிறேன். எந்த சேனலுக்குக் கொண்டுபோகலாம்?

கே.

அன்புள்ள கே.,

சேனல் பேச்சு இப்போது வேண்டாம். மூன்று மாதத்தில் நாற்பதா? கிளீஸும், அவரோடு சேர்ந்து எழுதிய மனைவி கானி பூத்தும் ஒரு பகுதிக்கு ஏறத்தாழ ஆறு வாரம் உட்கார்ந்தார்கள். 1975இல் ஆறு பகுதி, 1979இல் ஆறு பகுதி. இடையில் அவர்களுடைய மணவாழ்க்கையே முறிந்தது. அப்படியும் சேர்ந்தே எழுதினார்கள். ஏன் 12 என்பதற்கு இதுவே போதும்.

முப்பது ஜோக் என்று எண்ணிச் சொல்கிறீர்களே, அதுதான் எனக்குக் கோபம். சிரிப்பு வசனத்தில் இல்லை ஐயா, பயத்தில் இருக்கிறது. அந்தத் தொடரின் ஒரு பகுதியில் விடுதிக்காரர் பேசில், தேதி கடந்த மீனைக் காலை உணவாக ஒரு விருந்தாளியின் அறைக்கு எடுத்துப் போகிறார். அந்த மனிதர் இரவே செத்துக் கிடக்கிறார். இவர் அது தெரியாமல் பேசிக்கொண்டே தட்டை வைக்கிறார். விஷயம் தெரிந்ததும் முதல் வேலையாக மீனை எடுத்து ஸ்வெட்டருக்குள் ஒளிக்கப் பார்க்கிறார். செத்துப் பல மணி நேரமாகிறது என்று டாக்டர் சொன்னதும் பேசிலுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. மீன் கொல்லவில்லை! அதில் தனியாக வெட்டி எடுத்து நண்பர்களிடம் சொல்ல ஒரு ஜோக்காவது இருக்கிறதா?

நான் அந்தப் பயத்தைச் சிறுவயதிலேயே நேரில் பார்த்தவன். கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். முதல் பந்தி நடக்கும்போது வாசலில் ஒரு பெரியவர் மயங்கி விழுந்தார். எல்லோரும் தண்ணீருக்கு ஓட, தலைமைச் சமையல்காரர் கரண்டியோடு வந்து நின்று கேட்டது ஒன்றே ஒன்று: "கூட்டு போட்டுண்டாரா?" விரலிடுக்கில் தேங்காய் ஒட்டியிருந்தது. கை நடுங்கியது. "இன்னும் இலையிலேயே உட்காரலை" என்றார் யாரோ. மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார், கண்ணில் தண்ணீர் வழிய. கூட இருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். பெரியவர் பிழைத்து எழுந்து இரண்டாம் பந்தியில் சாப்பிட்டார். அந்தக் கூட்டைக் காலையிலிருந்தே சமையல்காரர் சந்தேகப்பட்டிருக்கிறார் என்று பிறகு என் அத்தை சொன்னாள். யாரிடமும் சொல்லாமல் பரிமாற விட்டிருக்கிறார்.

உங்களுக்கு எழுத வருகிறது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. உங்கள் முதல் பகுதியில் வீட்டு ஓனர் வருகிறார், பதினோரு ஜோக் சொல்கிறார், போய்விடுகிறார். அவர் ஏன் வந்தார்? அந்த மாத வாடகை வராவிட்டால் அவர் யார் முகத்தில் விழிக்க முடியாது? மற்ற 39ஐயும் எடுத்து வையுங்கள். இந்த ஓனரை மட்டும் வைத்துக்கொண்டு ஆறு வாரம் உட்காருங்கள். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்.