ஊசி குத்தியதை எழுதி வைக்க வேண்டுமா?

உயிரியல் ஆய்வகங்களில் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். விபத்துப் பதிவு பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும்.

கையுறைக்கு மேல் ஊசி லேசாகக் குத்தியது, ரத்தம் வரவில்லை. இதையெல்லாமா எழுதுவார்கள்?

எழுத வேண்டும். ஆனால் முதலில் கையுறையைக் கழற்றி, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். பிதுக்காதீர்கள். நேரே மருத்துவரிடம் போங்கள். மனித ரத்த மாதிரி என்றால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்க வேண்டும். 72 மணி நேரம்தான் கெடு. படிவம் எங்கும் ஓடிவிடாது.

மூன்று வருடமாக எங்கள் பதிவேட்டில் ஒரு விபத்தும் இல்லை. பெருமைப்படலாமா?

எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. நாள் முழுக்க பிப்பெட்டும் (திரவத்தை அளந்து உறிஞ்சும் குழாய்) ஊசியும் புழங்கும் இடத்தில் ஒரு துளிகூடச் சிந்தவில்லையா? சிந்தியிருக்கும், யாரும் சொல்லவில்லை. பைக் என்ற ஆய்வாளர் 1976இல் 3,921 ஆய்வகத் தொற்றுகளை அலசியபோது, ஐந்தில் ஒன்றுக்கும் குறைவானவற்றுக்கே குறிப்பிட்ட விபத்து ஒன்றைக் காரணமாகக் காட்ட முடிந்தது. ஆகவே, காரணம் தெரியாத காய்ச்சலையும் எழுதச் சொல்லுங்கள்.

சொன்னால் கைடு (ஆய்வு வழிகாட்டி) திட்டுவார். பெயர் போடாமல் கொடுக்கலாமா?

நான்கு பேர் உள்ள ஆய்வகத்தில் பெயரில்லாத கடிதத்தை எழுதியது யார் என்று மதியத்துக்குள் தெரிந்துவிடும். உங்களுக்கு மருத்துவப் பரிசோதனையும் நடக்காது. அமெரிக்க விமானத் துறையில் தவறுகளைத் தெரிவிக்க 1976 முதல் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அறிக்கையை வாங்குவது தண்டிக்கும் அதிகாரம் உள்ள துறை அல்ல, நாசா. சரிபார்த்த பின் பெயரை நீக்கிவிடுவார்கள். வேண்டுமென்று செய்யாத தவறை 10 நாளுக்குள் சொன்னவருக்கு அபராதத்திலிருந்து விலக்கும் உண்டு. ஆய்வகத்திலும் அறிக்கை கைடைத் தாண்டி வேறொருவருக்குப் போகட்டும்.

எங்கள் படிவம் நான்கு பக்கம். எதை வெட்டலாம்?

முதலில் "காரணம்: கவனக்குறைவு" என்ற கட்டத்தை. ஒருமுறை, மாதிரிகளை வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிபியூஜுக்குள் குழாய் உடைந்தது. பழைய படிவமாக இருந்தால் அந்த ஒரு சொல்லோடு மூடியிருப்போம். எந்தக் குழாய், என்ன வேகம், நின்றபின் எத்தனை நிமிடம் கழித்து மூடியைத் திறந்தீர்கள் என்று கேட்டோம். புதிதாக வாங்கிய குழாய் அந்த வேகத்தைத் தாங்காது என்று அதன் பெட்டியிலேயே அச்சிட்டிருந்தது! அன்றே மீதிப் பெட்டிகளைத் திருப்பி அனுப்பினோம். ஒரு பக்கம் போதும், கைபேசியில் குரல் பதிவாக வந்தாலும் சரி.

மறைத்தால் என்ன ஆகிவிடும்?

டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் 2006இல் ஒருவர் ஏரோசால் (காற்றில் மிதக்கும் நுண்துளிகள்) கருவியைச் சுத்தம் செய்யும்போது புரூசெல்லா என்ற பாக்டீரியா தொற்றியது. அரசுக்குச் சொன்னது மறு வருடம். ஆபத்தான கிருமிகள் மீதான ஆய்வு நிறுத்தப்பட்டது, 10 லட்சம் டாலர் கட்டினார்கள்.

எழுதிக் கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. இனி எதற்கு எழுத வேண்டும்?

நியாயமான கோபம். ஒரு வாரத்துக்குள் பதில் வராத படிவத்தை இரண்டாம் முறை யாரும் நிரப்ப மாட்டார்கள். "பார்த்தோம், இன்னதை மாற்றினோம்" என்று இரண்டு வரி எழுதி ஆய்வகக் கதவில் ஒட்டச் சொல்லிக் கேளுங்கள்.